ஒன்றரை மில்லிமீட்டர்

மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் பையன்
போனைக் கையில்கூட வாங்கவில்லை.
திரை ஒரு பக்கம் எழும்பி நிற்பதைக்
கண்ணாடிக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டு
"பேட்டரி வீங்கிப் போச்சுக்கா.
ரெண்டாயிரத்து நூறு ஆவும்,
அதுக்குப் புதுசு ஒண்ணு எடுங்க" என்றான்.
பொரியப்போகும் முட்டையைப் போல
துணியில் பொதிந்து மடியில் வைத்து
குலசேகரம் பஸ்ஸில் திரும்பினேன்.

புது பேட்டரி அறுநூற்று நாற்பது.
கூரியர்காரன் வழி தெரியாமல்
திருநந்திக்கரை விலக்கில் நின்று
வில்பிரட்டின் போனுக்கு நாலு தடவை கூப்பிட்டான்.

ஞாயிறு மழை. வெட்டு இல்லை.
சார்ஜ் முழுக்க வடியும்வரை டார்ச்சை எரியவிட்டேன்.
முழங்கால் வலிக்குக் கட்டும் உப்புக்கிழியை
இளஞ்சூடாக்கி, ஒட்டியிருந்த ஓரத்தில் மட்டும்
ஒத்தி ஒத்தி எடுத்தேன்.
பசை இளகியது.
காலாவதியான ஏடிஎம் அட்டையின் மூலையைக்
கூராக நறுக்கி உள்ளே கொடுத்தேன்.

எவ்வளவு ஆழம்?
வீடியோவில் அந்த ஆள் இந்தியில் ஏதோ சொன்னான்.
எனக்கு இந்தி தெரியாது.
ஆனால் பத்தொன்பது வருஷமாய்
இருநூற்றெண்பது மரங்களிடம்
தினமும் கேட்கும் கேள்வி அது.
பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் வை.
தாண்டினால் தடி.
தடியைத் தொட்டால் அங்கே முண்டு விழும்,
பிறகு கத்தி ஓடாது.
பயந்து மேலாக வெட்டினாலோ பால் இல்லை.

உள்ளே ஒரு நாடா இருந்தது,
வெற்றிலைக் காம்பு அகலம்.
பிய்ந்தால் திரை குருடு.
பிய்யவில்லை.

பேட்டரிக்கு அடியிலும் பசை.
அதற்காகத்தான் வெள்ளியன்றே
குளச்சலிலிருந்து சாளை கொண்டுவரும் பிலோமியிடம்
நாலு முழம் தங்கூசி கேட்டு வைத்திருந்தேன்.
"ஆத்துல தூண்டி போடப் போறியாட்டி?"
என்று சிரித்தபடி கொடுத்துப் போனாள்.
நரம்பை இரு விரலிலும் சுற்றி
அடியில் விட்டு அறுத்தேன்,
வலம், இடம், வலம்.
குத்திவிட்டால் தீ.
பக்கத்தில் வாளி நிறைய மணல்.
வாளிக்கும் அந்தப்பக்கம் நின்று வில்பிரட்
"ஒரு செபம் சொல்லட்டா?" என்றார்.
"லைட்டை நேரே பிடியும்" என்றேன்.

சிரட்டையில் பதினொரு திருகு போட்டிருந்தேன்.
எல்லாம் மாட்டி முடித்தபோது
சிரட்டையில் ஒன்று பாக்கி.
எந்தக் குழிக்கு உரியதோ.
போன் எரிந்தது, மணி அடித்தது,
நான் மறுபடி திறக்கப் போகவில்லை.

அடுத்த வாரம் ஆசை கூடிப்போச்சு.
தேக்குத் துண்டில் போன் அளவுக்கு அச்சு செதுக்கி
மேலே ரப்பர் பாலைத் தடவினேன்.
காயவைத்து, தடவி, காயவைத்து
ஒன்பது பூச்சு.
புகைப்புரையில் ரெண்டு நாள் தொங்கி
தேன் நிறத்தில் ஒரு சட்டை வந்தது.
மழை ஏறாது, கை வழுக்காது.
சார்ஜ் குத்தும் ஓட்டையை மறந்திருந்தேன்.
கேமராவையும்.
கத்தியால் ரெண்டு சன்னல் வைத்தேன்,
ஒன்று கோணல்.
இப்போது கோயிலில் பையைத் திறந்தால்
முன்வரிசைக்காரி திரும்பிப் பார்க்கிறாள்.

நேற்று பிலோமி மீன்சட்டியை இறக்காமலே
ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.
அவள் மகனுடைய போன்,
வள்ளத்தில் வைத்துக் கடல் ஏறியது.
"உப்பு எனக்குத் தெரியாது பிலோமி,
என் மரத்துப் பட்டைதான் தெரியும்."
"செத்தது தானே, இனியும் எங்க சாவ?"
சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.
சாளைக்குக் காசும் வாங்கவில்லை.

விடியக்காலை மூன்றரை.
நெற்றி விளக்கு வட்டத்தில்
நூற்றுப் பன்னிரண்டாம் மரம்.
பட்டை சுருளாக விழுகிறது.
பால் கொஞ்சம் தயங்கி
கோடு பிடித்து இறங்குகிறது.
சிரட்டையை நிமிர்த்தி வைக்கிறேன்.
உப்பு முதலில்
எந்த வழியாக ஏறியிருக்கும்?